மூன்று கிலோமீட்டர், முப்பத்தொரு நாள்

ஹைதராபாத் சோமாஜிகுடாவில் இருக்கிறது, அந்நாளில் ராஜ்பவன் எனப்பட்ட கவர்னர் மாளிகை. சைஃபாபாத்தில், பப்ளிக் கார்டன்ஸை ஒட்டி, வெள்ளைக் குவிமாடங்களோடு நிற்கிறது சட்டசபை. நிஜாம் காலத்தில், 1913இல் டவுன் ஹாலாகக் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஆட்டோவில் போனால் பத்து நிமிடம், டிராஃபிக் மோசமாக இருந்தால் அரை மணி. 1984இல் இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு முதல்வருக்கு முப்பத்தொரு நாள் பிடித்தது.

அந்த நாட்களை மறக்காத இரண்டு பேர் இன்னும் அந்த நகரத்தில் இருக்கிறார்கள். ஒருவர் தமிழர். கும்பகோணம் பக்கத்திலிருந்து 1971இல் வேலைக்காக வந்து, செகந்திராபாத் பத்மராவ் நகரில் வீடு பிடித்து, அங்கேயே தங்கிவிட்டவர். இன்னொருவர் குண்டூர்க்காரர். சைஃபாபாத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. குண்டூர்க்காரர் சில வருஷம் மூத்தவர். அதனால் அவர் 'அன்னய்யா', தமிழர் 'தம்முடு'. மாலை நாலு மணிக்கு இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். பேச்சு பெரும்பாலும் சினிமா. அன்னய்யாவுக்கு என்.டி.ராமராவ் என்றால் உயிர். 1982 மார்ச்சில் நடிகர் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய பிறகு, சினிமாப் பேச்சே அரசியல் பேச்சாகிவிட்டது.

ஒன்பதே மாதத்தில் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 294 தொகுதிகளில் சுமார் 200 அதற்குக் கிடைத்தன. ஆந்திரப் பிரதேசம் உருவான நாளிலிருந்து ஆண்டுவந்த காங்கிரஸ் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. 1983 ஜனவரி 9ஆம் தேதி லால் பகதூர் ஸ்டேடியத்தில், ஜனங்கள் முன்னிலையில் ராமராவ் பதவியேற்றார்.

அடுத்த ஆண்டு ராமராவ் இதய அறுவை சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். திரும்பி வந்த இரண்டாம் நாள், 1984 ஆகஸ்ட் 16ஆம் தேதி, கவர்னர் ராம்லால் அவருடைய அமைச்சரவையை டிஸ்மிஸ் செய்தார். மெஜாரிட்டி போய்விட்டது என்பது காரணம். ராமராவின் நிதி அமைச்சராக இருந்த நாதெண்ட்ல பாஸ்கர ராவ் புதிய முதல்வரானார். தெலுங்கு தேசத்தில் பிரிந்த ஒரு பகுதியும் காங்கிரசும் தன் பக்கம் என்றார் அவர். ராமராவ் 160க்கும் மேற்பட்ட எம்.எல்.ஏ.க்கள் தன்னோடு இருப்பதாகச் சொல்லி, அவர்களை அழைத்துக்கொண்டு ராஜ்பவனுக்கே போனார். 'இதோ ஆட்கள், எண்ணிக்கொள்ளுங்கள்' என்பதுதான் சாரம். கவர்னர் எண்ணவில்லை. அறுவை சிகிச்சையின் காயம் ஆறாத மனிதரைப் போலீஸ் அங்கிருந்து அப்புறப்படுத்தியது.

ஒரு கணக்குத்தான் ஊரைக் கொதிக்க வைத்தது. பழைய முதல்வர் இரண்டே நாளில் சபையைக் கூட்டி மெஜாரிட்டியைக் காட்டுகிறேன் என்றார். அவருக்கு இரண்டு நாள் கிடைக்கவில்லை. புதிய முதல்வருக்கு முப்பது நாள் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அன்னய்யா டீக்கடைக்கு வரவில்லை. தபால் ஆபீசுக்குப் போய் ஒரு கட்டு கார்டு வாங்கிவந்தார். ஒன்றை எடுத்து, கவர்னர், ராஜ்பவன், ஹைதராபாத் என்று விலாசம் எழுதினார். பின்பக்கம் இரண்டே சொல். 'லெக்க பெட்டண்டி.' எண்ணுங்கள். கீழே தன் முழுப் பெயர், வீட்டு விலாசம்.

தமிழர் பதறிப் போனார். மத்திய அரசு ஊழியர் அரசியலில் தலையிடக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. "வேலை போயிடும் அன்னய்யா. கையெழுத்தாவது போடாம அனுப்புங்க."

"பேர் இல்லாத கார்டை யார் எண்ணுவாங்க தம்முடு?"

நாளுக்கு ஒன்று என்று கார்டு போயிற்று. ஊரடங்கு நாட்களில் தபால் பெட்டிவரை போக முடியாததால் விட்டுப்போனவை தவிர, மொத்தம் இருபத்திரண்டு. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அலுவலகத்தில் யாரோ சொல்லிக்கொடுக்க, ஒரு மெமோ மட்டும் வந்தது. விளக்கம் கேட்டு எழுதியிருந்தார்கள். "எண்ணச் சொல்வது அரசியல் அல்ல, அது கணக்கு. நான் கணக்குப் பிரிவில்தான் வேலை செய்கிறேன்" என்று அன்னய்யா எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது.

அந்த மெமோவுக்குப் பதில் எழுதத்தான் இருவரும் முதன்முறையாக அரசியல் சட்டத்தை வாங்கிப் படித்தார்கள். கோட்டி பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிரதி. அதுவரை அது குடியரசு தினத்தன்று பேச்சாளர்கள் சொல்லும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். படித்துப் பார்த்தால், வீட்டுச் சொத்துப் பத்திரம் போல இருந்தது. இது இன்னாருக்கு என்று கொடுக்கிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால், இவ்வளவுதான் என்று தடுக்கிற ஒரு வரி.

154ஆவது ஷரத்து மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதையும் கவர்னர் கையில் கொடுக்கிறது. 163ஆவது ஷரத்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. அரசியல் சட்டமே அவர் விருப்பத்துக்கு விட்டிருக்கும் சில விஷயங்கள் தவிர, மற்றதில் அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். 1974இல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் ஷம்ஷேர் சிங் வழக்கில் இதை உறுதி செய்தார்கள்.

சிக்கல் 164இல் இருக்கிறது. அதன் முதல் பகுதி, அமைச்சர்கள் கவர்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்கிறது. இரண்டாம் பகுதி, அமைச்சரவை சட்டசபைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. முதல் வரியை மட்டும் படித்தால் முதல்வர் ராஜ்பவனின் ஊழியர். இரண்டையும் சேர்த்துப் படித்தால், கவர்னரின் விருப்பம் என்பது சபையின் விருப்பத்தைத் தவிர வேறில்லை. சபைக்கு நம்பிக்கை இருக்கும்வரை கவர்னருக்கும் இருந்தாக வேண்டும். ராம்லால் முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார் என்பது அன்னய்யாவின் தீர்ப்பு.

ஏன் இப்படி ஒரு கவர்னர்? அரசியல் நிர்ணய சபையிலேயே இது பெரிய விவாதம். கவர்னரை ஜனங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தார்கள். ஒரே மாநிலத்தில் ஓட்டு வாங்கிய இரண்டு பேர், கவர்னரும் முதல்வரும், மோதிக்கொள்வார்கள் என்ற பயம் வந்தது. 1949இல் முடிவை மாற்றி, ஜனாதிபதி நியமிக்கட்டும் என்று வைத்தார்கள். ஓட்டு வாங்காதவர் அடக்கமாக இருப்பார் என்பது கணக்கு. நியமித்தவருக்கு அடக்கமாக இருப்பார் என்பது போதிய அளவு கணக்கில் வரவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. 1975 நவம்பர் 11ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் கவர்னர் ஜெனரல் ஜான் கெர், கீழ்ச்சபையில் மெஜாரிட்டி இருந்த பிரதமர் கஃப் விட்லாமை டிஸ்மிஸ் செய்தார். அன்று மதியமே அந்தச் சபை புதிய பிரதமர் மீது நம்பிக்கையில்லை என்று ஓட்டுப் போட்டது. பலனில்லை. பார்லிமென்ட் கலைக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனிக்காரர்கள் போருக்குப் பிறகு எழுதிய சட்டத்தில் வேறு பூட்டுப் போட்டார்கள். அடுத்த சான்சலர் யார் என்று சபை தேர்ந்தெடுத்தாலொழிய, இருப்பவரை அது இறக்க முடியாது.

இந்திய அரசியல் சட்டத்திலும் பூட்டுகள் உண்டு. இரண்டு கூட்டத் தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது 174ஆவது ஷரத்து. சபை ஒப்புதல் இல்லாமல் கஜானாவிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆக, எந்த முதல்வரும் சபையைப் பார்க்காமல் காலம் தள்ள முடியாது. ஆனால் எம்.எல்.ஏ.க்களை இழுக்க ஆறு மாதம் எதற்கு? முப்பது நாள் தாராளம். கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டம்கூட அப்போது கிடையாது. அது 1985இல்தான் வந்தது.

அதனால்தான் ராமராவ் தன் ஆட்களைப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பினார். கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டேயின் ஜனதா ஆட்சி. ஆந்திர எம்.எல்.ஏ.க்கள் அங்கே காவலோடு தங்கினார்கள். பின்னர் தமிழ்நாட்டு வாசகர்கள் கூவத்தூரில் பார்க்கப் போகும் காட்சிதான். வித்தியாசம் ஒன்று உண்டு. இவர்கள் ஓடியது எண்ணிக்கைக்குப் பயந்து அல்ல, எண்ணிக்கை நடக்கும்வரை தாக்குப்பிடிக்க. டெல்லிக்கும் அழைத்துப் போய் ஜனாதிபதி ஜெயில் சிங் முன் அவர்களை நிறுத்தினார் ராமராவ். சக்கர நாற்காலியில் அவர் போன படம் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஹைதராபாத்துக்கு வந்து பேசினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ராம்லால் போனார், சங்கர் தயாள் சர்மா கவர்னராக வந்தார். செப்டம்பரில் சபை கூடியது, அமளியில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. செப்டம்பர் 16ஆம் தேதி பாஸ்கர ராவின் ஆட்சி முடிந்து ராமராவ் மறுபடி பதவியேற்றார். சில நாட்களில் சபையில் நம்பிக்கை ஓட்டும் பெற்றார். அன்னய்யா அன்று அலுவலகம் முழுவதற்கும் இனிப்பு வாங்கினார். இன்கிரிமென்டைப் பற்றிக் கேட்டதற்கு, "வட்டியோட வந்துடுச்சு" என்றார்.

ஆனால் தமிழருக்கு ஒரு சங்கடம் இருந்தது. இதில் ஜெயித்தது எது? எந்தக் கோர்ட்டும் கவர்னர் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. கூட்டம் சேர்க்கத் தெரிந்த, கடவுள் வேஷம் போட்டுப் பழகிய ஒரு நடிகர் இருந்தார், ஜெயித்தார். அவர் இடத்தில் கூட்டம் சேராத ஒரு முதல்வர் இருந்திருந்தால்?

பதில் சீக்கிரம் வந்தது. 1989 ஏப்ரலில் கர்நாடகத்தில் எஸ்.ஆர்.பொம்மை ஆட்சி. எம்.எல்.ஏ.க்கள் சிலர் ஆதரவை விலக்கிக் கடிதம் கொடுத்தார்கள், அதில் சிலர் பிறகு பின்வாங்கினார்கள். சபையைக் கூட்டுங்கள், காட்டுகிறேன் என்றார் பொம்மை. கவர்னர் வெங்கடசுப்பையா, அவரும் ஆந்திரக்காரர், கேட்கவில்லை. 356ஆவது ஷரத்தின்படி ஜனாதிபதி ஆட்சி வந்தது. பொம்மைக்காக யாரும் பஸ் எரிக்கவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார். ஹைகோர்ட் கைவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, 1994 மார்ச் 11ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. மெஜாரிட்டியைச் சோதிக்கும் இடம் சபைதான், கவர்னரின் அறை அல்ல. ஜனாதிபதி ஆட்சி அறிவிப்பைக் கோர்ட் பரிசீலிக்கலாம், தவறென்றால் ரத்தும் செய்யலாம். பார்லிமென்டின் இரு சபைகளும் ஒப்புக்கொள்ளும்வரை சட்டசபையைக் கலைக்கக் கூடாது. சர்க்காரியா கமிஷனும் தன் அறிக்கையில், மெஜாரிட்டியைச் சபையில்தான் பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது.

பொம்மைக்கு ஆட்சி திரும்பக் கிடைக்கவில்லை. கர்நாடகம் அதற்குள் ஒரு தேர்தலையே பார்த்து முடித்துவிட்டது. ஆனால் தீர்ப்புக்கு அவர் பெயர் நின்றது. அன்னய்யா செய்தித்தாளைத் தமிழர் மேஜையில் போட்டார். "பாத்தியா, ஒன்பது ஜட்ஜும் என் கார்டைத்தான் படிச்சிருக்காங்க."

அந்தச் சந்தோஷம் பதினேழு மாதம்தான் நிலைத்தது.

1994 டிசம்பரில் ராமராவ் 216 தொகுதிகளோடு திரும்பவும் முதல்வரானார். முந்தைய ஆண்டு லட்சுமி பார்வதியை மணந்திருந்தார். கட்சியில் அவருடைய செல்வாக்கு வளர, குடும்பத்திலும் கட்சியிலும் பிளவு. 1995 ஆகஸ்டில் மருமகன் சந்திரபாபு நாயுடுவின் பின்னால் பெரும்பாலான எம்.எல்.ஏ.க்கள் போனார்கள். இம்முறை அவர்கள் தங்கியது வெளி மாநிலத்தில் அல்ல, டேங்க் பண்டு அருகே வைஸ்ராய் ஹோட்டலில். ராமராவ் தன் சைதன்ய ரதத்தில் ஹோட்டல் வாசலுக்கே வந்து அவர்களைக் கூப்பிட்டார். செருப்புகள் பறந்தன. சபையைக் கலைக்கும்படி கவர்னர் கிருஷ்ணகாந்துக்குப் பரிந்துரை செய்தார். கவர்னர் கலைக்கவில்லை. ஆகஸ்ட் 31ஆம் தேதி ராமராவ் ராஜினாமா செய்தார். மறுநாள் நாயுடு பதவியேற்றார். அதே செப்டம்பரில் சபையில் மெஜாரிட்டியும் காட்டினார்.

டீக்கடையில் அன்னய்யா மேஜையைத் தட்டினார். அது முதுகில் குத்திய கத்தி. ஜனங்கள் ஓட்டுப் போட்டது ராமராவின் முகத்துக்கு, அந்த எம்.எல்.ஏ.க்களின் முகத்துக்கு அல்ல. கவர்னர் சபையைக் கலைத்திருக்க வேண்டும்.

தமிழர் மெதுவாகச் சொன்னார். "அன்னய்யா, எண்ணச் சொன்னது நீங்கதான். இப்ப எண்ணினா அந்தப் பக்கம்தானே அதிகம்?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஷரத்து ஒண்ணுதானே."

அன்னய்யா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "1991 ஜனவரி 30ஆம் தேதி ஞாபகம் இருக்கா தம்முடு?"

இருந்தது. அன்றுதான் தமிழ்நாட்டில் கருணாநிதி ஆட்சி டிஸ்மிஸ் ஆனது. கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். 356ஆவது ஷரத்தில் கவர்னரின் அறிக்கையின் பேரில் 'அல்லது வேறு வகையில்' என்று ஒரு சின்னத் தொடர் உண்டு. அந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டு மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. சபையில் மெஜாரிட்டி இருக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை. இருந்தது, எல்லோருக்கும் தெரியும்.

"அன்னைக்கு நீ எத்தனை கார்டு போட்டே?"

ஒன்றும் போடவில்லை. தமிழருக்கு அந்தக் கட்சியைப் பிடிக்காது. சரிதான், போகட்டும் என்று சொல்லிவிட்டு அன்று டீயைக் குடித்தார். 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டபோது மட்டும் அநியாயம் என்று கொதித்தவர் அவர். அன்னய்யாவுக்கு இரண்டும் ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகு நாலு மணி டீ நின்றுபோனது. பக்கத்து மேஜைகள், நடுவே ஃபைல் மட்டும் போய்வந்தது. ஆள் பிடித்திருந்தால் சட்டம் வேண்டும், பிடிக்காவிட்டால் சட்டம் எதற்கு என்று இருவருமே இருந்திருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்ட இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பது கஷ்டம்.

1996 ஜனவரி 18ஆம் தேதி ராமராவ் இறந்தார். நகரம் நின்றுபோனது. ஒரு வாரம் கழித்து, ஹுசேன் சாகர் கரையில், அன்னய்யா நடக்கப் போகும் இடம் தெரிந்து தமிழர் அங்கே போனார். வெகுநேரம் இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்னய்யாதான் ஆரம்பித்தார். "அண்ணகாரு தோத்தது தப்பில்லை தம்முடு. சபைக்குள்ள போய்த் தோத்திருக்கணும். யார் யார் தன்னை விட்டுட்டாங்கன்னு ஒவ்வொருத்தரும் எழுந்து நின்னு, முகத்தைப் பாத்து ஓட்டுப் போட வெச்சிருக்கணும். எண்ணறதுக்கு முன்னாடியே விட்டுட்டார்."

துக்கத்தில் ஒரு ரசிகர் சொன்ன பேச்சு போலத்தான் அன்று பட்டது. அது சட்டமாகவும் சரி என்பது இருபத்தேழு வருஷம் கழித்துத் தெரிந்தது. 2022 ஜூனில் மகாராஷ்டிரத்தில் சிவசேனா உடைந்தது. சபையில் மெஜாரிட்டியை நிரூபிக்கும்படி கவர்னர் சொன்னார். வாக்கெடுப்புக்கு முதல் நாள் இரவே முதல்வர் உத்தவ் தாக்கரே ராஜினாமா செய்தார். 2023 மே 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், கவர்னர் அப்படிக் கேட்டது நியாயமில்லை என்றது. ஆனால் ஓட்டெடுப்பைச் சந்திக்காமல் தாமாகவே விலகியவரைத் திரும்ப உட்கார வைக்க முடியாது என்றும் சொன்னது. தமிழர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உடனே அன்னய்யாவுக்குப் போன் செய்தார்.

முப்பத்தொரு நாள் இப்போது பிடிப்பதில்லை. 1998 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தில் கவர்னர் ரொமேஷ் பண்டாரி, கல்யாண் சிங்கை இரவோடிரவாக நீக்கி ஜகதாம்பிகா பாலை முதல்வராக்கினார். கோர்ட் தலையிட்டது. ஐந்தே நாளில் இருவரையும் ஒரே சபையில் உட்கார வைத்து ஓட்டெடுப்பு நடந்தது. கல்யாண் சிங் ஜெயித்தார். 2018 மே மாதம் கர்நாடகத்தில் எடியூரப்பாவுக்குக் கவர்னர் பதினைந்து நாள் கொடுத்தார். சுப்ரீம் கோர்ட் அதை ஒரே நாளாக்கியது. அவர் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தார். 2019 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் மறுநாளே ஓட்டெடுப்பு என்று கோர்ட் சொன்னதும் ஃபட்னவிஸ் விலகினார். 1984இல் ராமராவ் கேட்ட இரண்டு நாள்கூட இப்போது அதிகம்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சபைக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று நினைப்பவர்கள் 1988 ஜனவரி 28ஆம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். சென்னையில் ஜானகி அம்மாள் அமைச்சரவை மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்த அன்று சபைக்குள் அடிதடி நடந்தது, போலீஸ் புகுந்து தடியடி செய்தது. இரண்டு நாளில் ஜனாதிபதி ஆட்சி. அரசியல் சட்டம் எண்ணும் இடத்தைத்தான் காட்ட முடியும். அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்கள்.

கட்சித் தாவல் சட்டத்துக்கும் அதே கதி. 1985இல் வந்தபோது மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தண்டனை இல்லை என்று ஒரு ஓட்டை வைத்தார்கள். 2003இல் அதை அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து வேறு கட்சியோடு இணைவதற்கான வழி இன்னும் திறந்திருக்கிறது. தாவியவர்கள் மீது முடிவு செய்ய வேண்டியவர் சபாநாயகர். அவர் முடிவே சொல்லாமல் இருந்துவிட்டால்? அந்தப் பழைய சபை வளாகம் 2014 முதல் தெலங்கானாவின் சபையாக இருக்கிறது. 2023 தேர்தலில் பி.ஆர்.எஸ். சின்னத்தில் ஜெயித்த 39 பேரில் பத்துப் பேர் ஆளும் காங்கிரஸ் பக்கம் போனதாகப் புகார். மனுக்கள் சபாநாயகரிடம் கிடந்தன. 2025 ஜூலை 31ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று சபாநாயகருக்குச் சொன்னது.

அன்று மாலை அன்னய்யா போன் செய்தார். இருவருக்கும் எண்பது வயது தாண்டிவிட்டது. அன்னய்யாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் சத்தமாகப் பேசுகிறார். "தம்முடு, கார்டு இன்னும் விக்கறாங்களா?"

தமிழருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் தபால் ஆபீசுக்கு நடந்துபோய் விசாரித்தார். விற்கிறார்கள். ஐம்பது காசு. கவுன்டரில் இருந்த பெண் டிராயரின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். சில்லறை இல்லாததால் இரண்டாக வாங்கச் சொன்னாள்.

ஒன்றை அவர் அன்னய்யாவுக்காக எடுத்து வைத்தார். இன்னொன்றை அங்கேயே, கட்டையில் கயிறு கட்டித் தொங்கும் பேனாவால் எழுதினார். சபாநாயகர், சட்டசபை, ஹைதராபாத். பின்பக்கம் 'முடிவு சொல்லுங்கள்.' அந்தப் பத்துப் பேர் போய்ச் சேர்ந்த கட்சிக்குத்தான் அவர் 2023இல் ஓட்டுப் போட்டிருந்தார். அதை நினைத்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு கீழே தன் முழுப் பெயரையும் பத்மராவ் நகர் வீட்டு விலாசத்தையும் எழுதிப் பெட்டியில் போட்டார்.